ஒபரேஷனுக்கு முந்திய சி.டி. ஸ்கேன்: பெருங்குடல் புற்றுநோயில் அது எவ்வளவு தூரம் சரியாகச் சொல்லும்?

கொலனொஸ்கொப்பியில் (குழாய் விட்டுப் பெருங்குடலைப் பார்ப்பது) கட்டி தெரிந்து, பயொப்சியில் (சின்னத் துண்டு எடுத்துச் சோதிப்பது) புற்றுநோய் என்று உறுதியானதும் நெஞ்சு, வயிறு, இடுப்பு மூன்றையும் சேர்த்து ஒரு சி.டி. ஸ்கேன் எடுக்கச் சொல்வார்கள். ஹட்டன், மஸ்கெலியா, தலவாக்கலை பக்கத்து ஆட்கள் பெரும்பாலும் கண்டிக்கோ பேராதனைக்கோ போக வேண்டியிருக்கும். பண்டாரவளை, ஹப்புத்தளை பக்கம் என்றால் பதுளை. ரிப்போர்ட் கைக்கு வந்தவுடன் வீட்டில் எல்லாரும் கேட்பது ஒன்றைத்தான்: "எத்தனையாவது ஸ்டேஜ்?"

அந்தக் கேள்விக்கு சி.டி. சொல்லும் பதிலில் ஒரு பகுதியை நன்றாக நம்பலாம், இன்னொரு பகுதி வெறும் ஊகத்துக்கு அருகில் நிற்கிறது. இது தெரியாததால் நடக்கும் கேடு பெரியது. "மூணாம் ஸ்டேஜாம், இனி வெட்டி என்ன பிரயோசனம்" என்று ஒபரேஷனுக்கு வராமலே நின்றுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். "ஸ்கேன்ல நெறி ஒன்னும் இல்லன்னு சொன்னாங்களே" என்று ஒபரேஷனுக்குப் பிறகு கொடுக்கும் மருந்தை வேண்டாம் என்பவர்களும் இருக்கிறார்கள். இரண்டு பேரும் சி.டி.யிடம் அதனால் சொல்ல முடியாத ஒன்றை எதிர்பார்த்து முடிவெடுக்கிறார்கள். குணமாகக்கூடிய நோயில் அப்படி ஒரு முடிவு எடுக்கப்படுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. அதனால்தான் இந்தப் பதிவு.

ஸ்டேஜ் என்பது மூன்று கேள்விகளின் கூட்டு. டி என்பது கட்டி குடற்சுவரில் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்பது. என் என்பது பக்கத்து நிணநீர்க் கணுக்களில் (நெறி என்று நாம் சொல்வது) ஏறியிருக்கிறதா என்பது. எம் என்பது ஈரல், நுரையீரல், வயிற்றறையின் உட்சவ்வு என்று தூரத்துக்குப் போயிருக்கிறதா என்பது. சி.டி. எம்முக்கு நல்ல கருவி, டிக்கு நடுத்தரம், என்னுக்குப் பலவீனம். ஆனால் ரிப்போர்ட்டின் கடைசி வரியில் மூன்றும் பக்கத்தில் பக்கத்தில், ஒரே அளவு எழுத்தில் அச்சாகி வருவதால் மூன்றையும் ஒரே நிச்சயத்தோடு படித்துவிடுகிறோம்.

இதில் இன்னொரு சிக்கல் உண்டு. தூரத்துக்குப் பரவாத நோயில், கட்டி எவ்வளவு ஆழம் போயிருந்தாலும் கணுவில் புற்று இல்லையென்றால் அது அதிகபட்சம் இரண்டாம் ஸ்டேஜ். ஒரு கணுவில் இருந்தாலும் மூன்றாம் ஸ்டேஜ். ஆக, வீட்டார் கேட்கும் "ரெண்டா மூணா" என்ற கேள்விக்கு விடை சொல்ல வேண்டியது, சி.டி. எதில் மிகவும் தடுமாறுகிறதோ அந்தக் கணுக்கள்தான்.

கணுக்கள்: ஏன் இந்தத் தடுமாற்றம்

2016இல், பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்து, ஒபரேஷனுக்கு முந்திய சி.டி.யையும் ஒபரேஷனுக்குப் பிந்திய நோய்க்குறியியல் முடிவையும் (எடுத்த குடலை நுணுக்குக்காட்டியில் பார்த்துச் சொல்வது) ஒப்பிட்ட ஒரு தொகுப்பாய்வு வெளியானது. கணுக்கள் விடயத்தில் அது கண்ட உணர்திறன் 71 சதவீதம், தனித்தன்மை 67 சதவீதம். சாதாரணப் பேச்சில் சொன்னால், கணுவில் உண்மையிலேயே புற்று உள்ள 100 பேரை எடுத்தால் சி.டி. 71 பேரைச் சரியாகச் சொல்லும், 29 பேரிடம் "ஒன்றும் இல்லை" என்று சொல்லிவிடும். கணுவில் புற்றே இல்லாத 100 பேரை எடுத்தால் 33 பேரிடம் "இருக்கிறது போல் தெரிகிறது" என்று சொல்லிவிடும். இப்படி மூன்றில் ஒன்று பிழையாகக்கூடிய ஒரு சொல்லை வைத்து யாரும் தன் வாழ்வை முடிவு செய்யக் கூடாது.

இது ஸ்கேன் பார்க்கும் டொக்டரின் கவனக்குறைவு இல்லை. சி.டி. காட்டுவது கணுவின் அளவையும் வடிவத்தையும் மட்டுமே, உள்ளே இருக்கும் கலத்தை அல்ல. 8 மில்லிமீட்டரோ 10 மில்லிமீட்டரோ தாண்டினால் சந்தேகம் என்று ஒரு வரம்பு வைக்கிறார்கள். ஆனால் பெருங்குடல் புற்றில் நோயேறிய கணுக்களில் நிறைய 5 மில்லிமீட்டருக்கும் சிறியவை. மறுபுறம், கட்டியின் மேற்பரப்பு புண்ணாகிக் கிருமி ஏறினாலும், குடல் ஓரளவு அடைபட்டாலும், பக்கத்துக் கணுக்கள் புற்றே இல்லாமல் வீங்கும். பெரிய கணு சுத்தமாக இருக்கும், சின்னக் கணுவுக்குள் புற்று இருக்கும். இதனால் அனுபவமுள்ள கதிரியக்க மருத்துவர்கள் அளவோடு நிறுத்துவதில்லை. கணுவின் விளிம்பு ஒழுங்கற்று இருக்கிறதா, உள்ளே ஒரே சீராக இல்லாமல் திட்டுத்திட்டாகத் தெரிகிறதா, மூன்று நான்கு கணுக்கள் கொத்தாக நிற்கின்றனவா என்றும் பார்ப்பார்கள். அது தடுமாற்றத்தைக் குறைக்கும், தீர்க்காது.

நம் நாட்டில் இதற்கு மேல் காசநோயும் இருக்கிறது. சிறுகுடல் பெருங்குடலோடு சேரும் வலப்பக்க மூலையில் காசநோய் வந்தால் சுவர் தடித்து, பக்கத்தில் கணுக்கள் திரண்டு, சி.டி.யில் புற்றுக்கட்டி போலவே காட்சி தரும். வயிற்றறைச் சவ்வில் வரும் காசநோய், புற்று பரவியது போலவே நீர் கட்டி நிற்கும். சவ்வு மணிமணியாகத் தடிக்கும். இரண்டையும் பிரித்துச் சொல்லக் கூடியது பயொப்சி மட்டுந்தான். வீட்டில் யாருக்காவது காசநோய் மருந்து கொடுத்திருந்தால், முன்பு எப்போதாவது சளிப் பரிசோதனை செய்திருந்தால், கேட்காவிட்டாலும் சொல்லிவிட வேண்டும். லயத்தில் பக்கத்து அறையில் இருப்பவருக்கு இருந்ததென்றாலும் சொல்ல வேண்டும். "கசம்" என்று வெளியே தெரிந்துவிடுமோ என்று மறைப்பதால், பழைய தழும்பு ஒன்று புற்றுப் பரவலாக எழுதப்படக்கூடும்.

கட்டியின் ஆழம்

குடற்சுவர் அடுக்கடுக்கானது. உட்படலம், அதன் கீழ்ப் படலம், தசை, அதற்கு வெளியே கொழுப்பு. கீழ்ப்படலத்தோடு நின்றால் டி1, தசைக்குள் இருந்தால் டி2, தசையைத் தாண்டி வெளிக் கொழுப்பில் இறங்கினால் டி3, வெளிச்சவ்வைத் துளைத்தால் டி4ஏ, பக்கத்து உறுப்பைப் பிடித்தால் டி4பி. இந்த அடுக்குகள் சி.டி.யில் தனித்தனியாகத் தெரியாது. அதனால் டி1ஐயும் டி2ஐயும் சி.டி. பிரிக்க முயல்வதே வீண். அது கேட்கக்கூடிய கேள்வி ஒன்றுதான்: கட்டி சுவரை விட்டு வெளியே வந்துவிட்டதா, வந்திருந்தால் எவ்வளவு?

திரையில் இதை எப்படிப் பார்க்கிறார்கள் என்பதைச் சொல்ல வேண்டும். 1 மில்லிமீட்டர் அளவுக்கு மெல்லிய துண்டுகளாக எடுத்த படங்களைக் கணினி திரும்ப அடுக்கி, எந்தக் கோணத்திலும் வெட்டிக் காட்டும். குடல் வளைந்து நெளிந்து போவதால், கட்டி உள்ள இடத்தில் குடல் போகும் திசைக்குச் செங்குத்தாக வெட்டிப் பார்த்தால்தான் வெளி விளிம்பு உண்மையாகத் தெரியும். சாய்வாக வெட்டினால் சுவர் தடித்தது போல் தெரிந்து, டி2 கட்டி டி3 ஆகிவிடும். விளிம்பு வழவழப்பாக இருந்தால் கட்டி உள்ளேயே இருக்கலாம். விளிம்பிலிருந்து மொட்டு மொட்டாகக் கொழுப்புக்குள் புடைத்து நின்றால் டி3 என்று துணிந்து எழுதலாம். மயிர் போன்ற மெல்லிய கோடுகள் மட்டும் கொழுப்புக்குள் ஓடினால் அங்கேதான் குழப்பம்: அது புற்றாகவும் இருக்கலாம், கட்டியைச் சுற்றி உடம்பு போட்ட வெறும் நார்த்தழும்பாகவும் அழற்சியாகவும் இருக்கலாம். பயொப்சியோ பொலிப் வெட்டுதலோ முடிந்த கொஞ்ச நாளில் எடுத்த ஸ்கேனில் இந்தக் கோடுகள் இன்னும் அதிகமாக இருக்கும்.

மேலே சொன்ன அதே தொகுப்பாய்வில், கட்டி சுவரைத் தாண்டியதைக் கண்டுபிடிப்பதில் சி.டி.யின் உணர்திறன் 90 சதவீதம், தனித்தன்மை 69 சதவீதம். தாண்டியதைத் தவறவிடுவது குறைவு. தாண்டாததைத் தாண்டியதாகச் சொல்வதுதான் அதிகம். கூடுதலாகச் சொல்லும் பக்கமே சாய்கிறது என்பதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மலையகத்துக்கே உரிய ஒரு காரணமும் இதில் சேர்கிறது. சி.டி.யில் குடலின் வெளி விளிம்பைக் காட்டித் தருவது சுற்றியுள்ள கொழுப்பு. கொழுப்பு கறுப்பாகவும் திசு சாம்பல் நிறமாகவும் விழும். அந்தக் கறுப்புப் பின்னணி இருந்தால்தான் சாம்பல் விளிம்பு வெள்ளைத் தாளில் எழுதிய எழுத்துப் போலத் தெளியும். தோட்டத்தில் கொழுந்து எடுத்து, மலை ஏறி இறங்கி, சத்துக் குறைந்த சாப்பாட்டில் மெலிந்துபோன ஒரு அம்மாவின் வயிற்றில் அந்தக் கொழுப்பே இருக்காது. குடலும் குடலும் ஒட்டி, கட்டி பக்கத்துச் சிறுகுடலையோ கருப்பையையோ பிடித்திருக்கிறதா, வெறுமனே தொட்டுக்கொண்டு படுத்திருக்கிறதா என்று சொல்வது மிகவும் கடினம். நோயால் எடை இறங்கிய பிறகு இன்னும் கடினம். இப்படிப்பட்டவரின் ரிப்போர்ட்டில் "பக்கத்து உறுப்பில் ஊடுருவியிருக்கலாம்" என்று இருந்தால், அந்த "இருக்கலாம்" உண்மையான இருக்கலாம் என்று எடுக்க வேண்டும். அதற்காக ஒபரேஷனைக் கைவிடக் கூடாது. சத்திரசிகிச்சை நிபுணர் பெண் நோயியல் நிபுணரையோ சிறுநீரகப் பாதை நிபுணரையோ பக்கத்தில் தயாராக வைத்துக்கொண்டு வயிற்றைத் திறப்பார், அவ்வளவுதான். ஒட்டியிருக்கும் உறுப்பைப் பிய்த்துப் பிரித்துப் பார்க்காமல் கட்டியோடு ஒரே துண்டாக எடுப்பதுதான் சரியான முறை என்பதால், முன்கூட்டிக் கிடைக்கும் இந்த எச்சரிக்கை விலைமதிப்பற்றது.

தோட்டத்துப் பெண்களைப் பற்றி எழுதும்போது இன்னொன்றையும் சொல்லாமல் போக மனமில்லை. "இரத்தம் குறைவு" என்று டிஸ்பென்சரியில் இரும்பு மாத்திரை வாங்கிக்கொண்டே வருடங்களைக் கடத்துகிறவர்கள் ஏராளம். சாப்பாடும் கொக்கிப் புழுவும் காரணமாக இருக்கலாம். ஆனால் மாதவிடாய் நின்ற பெண்ணுக்கும், எந்த ஆணுக்கும், இரும்புச்சத்துக் குறைந்து இரத்தசோகை வந்தால் குடலைப் பார்க்க வேண்டும். வலப்பக்கக் குடலில் உள்ள கட்டி கண்ணுக்குத் தெரியாமல் கசிந்துகொண்டே இருக்கும். மலத்தில் இரத்தம் தெரியாது, மலச்சிக்கலும் இருக்காது.

ஈரல், நுரையீரல், உட்சவ்வு

சி.டி. தன் சம்பளத்தைச் சம்பாதிப்பது இங்கேதான். ஈரலில் 1 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட பரவலை ஒழுங்காக எடுத்த சி.டி. பெரும்பாலும் காட்டிவிடும். அதற்குச் சிறியவற்றில்தான் தடுமாற்றம். ஈரலில் சாதாரண நீர்க்கட்டிகளும் இரத்தக்குழாய்க் கட்டிகளும் ரொம்பப் பேருக்கு உண்டு. "வகைப்படுத்த முடியாத அளவு சிறியது" என்று எழுதியிருந்தால், வேறெங்கும் பரவல் இல்லாதவரிடத்தில் அது பெரும்பாலும் தீங்கற்றதாகவே முடியும். சந்தேகம் தீர ஈரலுக்கு எம்.ஆர்.ஐ. எடுப்பார்கள். கொழுப்பேறிய ஈரல் உள்ளவர்களிடம் இன்னொரு சிக்கல்: பரவல் சி.டி.யில் கறுப்புத் திட்டாகத் தெரியும், கொழுப்பு ஈரலையே கறுப்பாக்கிவிடும், திட்டு அதற்குள் மறைந்துபோகும். சீனி வருத்தக்காரர்களிடம் இதைக் கவனிக்க வேண்டும்.

நுரையீரலில் சி.டி. கொஞ்சம் அதிகமாகவே பார்க்கும். சில மில்லிமீட்டர் அளவு முடிச்சுகளைக் காட்டும், அவற்றில் பெரும்பாலானவை பழைய தழும்புகள். மூன்று மாதம் கழித்துத் திரும்ப எடுத்து, வளர்ந்திருக்கிறதா என்று ஒப்பிடுவதே வழி. அதற்காகக் குடல் ஒபரேஷனைத் தள்ளிப்போடத் தேவையில்லை.

வயிற்றறையின் உட்சவ்வில் பரவிய நோய்தான் சி.டி.யை அதிகமாக ஏமாற்றுகிறது. 5 மில்லிமீட்டருக்குக் குறைந்த முடிச்சுகளில் பத்தில் ஒன்றைத்தான் சி.டி. கண்டது என்று ஓர் ஆய்வு சொல்கிறது. 5 சென்டிமீட்டருக்கு மேற்பட்டவற்றில் 94 சதவீதத்தைக் கண்டது. மணல் போலப் பரவிய நோய் சி.டி.யில் சுத்தமான வயிறாகத் தெரியும். ரிப்போர்ட்டில் காரணம் தெரியாத கொஞ்சம் நீர், சூலகத்தில் புதிய கட்டி, கொழுப்புத் திரை லேசாக மங்கியது என்று ஏதாவது இருந்தால் சத்திரசிகிச்சை நிபுணர் முதலில் வயிற்றுக்குள் கமெரா விட்டுப் பார்க்கலாம் என்பார். அது வீண் வேலை இல்லை.

பெட் ஸ்கேன் (கதிரியக்கச் சீனி ஏற்றி, அது சேரும் இடத்தை ஒளிரக் காட்டும் படம்) எடுத்தால் எல்லாம் தெரிந்துவிடும், காணியை விற்றாவது எடுப்போம் என்று சிலர் நினைக்கிறார்கள். பெருங்குடலுக்கு ஒபரேஷனுக்கு முன் வழக்கமாக அது தேவையில்லை. சளித்தன்மை கொண்ட புற்றுக்கட்டி பெட்டில் ஒளிராமலே போகலாம், சிறிய கணுக்களும் சிக்காது, காசநோய் நன்றாக ஒளிர்ந்து பயமுறுத்தும். சி.டி.யில் சந்தேகமாக ஒன்று தெரிந்து, அதை வைத்துப் பெரிய முடிவு எடுக்க வேண்டிய இடத்தில் மட்டும் டொக்டரே கேட்பார். அதேபோல, ஹட்டனிலோ நுவரெலியாவிலோ தனியாரிடம் எடுத்த வயிற்று அல்ட்ராசவுண்ட் சி.டி.க்குப் பதிலாகாது. காற்று நிறைந்த குடலை அது பார்க்காது. கட்டி மலக்குடலில் இருந்தாலோ கதையே வேறு: அங்கே ஆழத்தைச் சொல்ல இடுப்பு எம்.ஆர்.ஐ. வேண்டும், சி.டி. மட்டும் போதாது.

ஸ்கேன் எடுக்கும் விதத்தில் நடக்கும் பிழைகள்

மேலே சொன்ன சதவீதங்கள் எல்லாம் ஒழுங்காக எடுத்த ஸ்கேனுக்கு. ஒழுங்காக எடுக்காத ஸ்கேனுக்கு அவையும் கிடைக்காது.

உறுப்புகளைப் படத்தில் பிரித்துக் காட்டுவதற்காகக் கையில் ஏற்றும் கொன்ட்ராஸ்ட் மருந்து அயடீன் கலந்தது. உடல் எடையில் கிலோவுக்கு 1.5 முதல் 2 மில்லிலீட்டர் என்று கணக்கு வைத்தால், 50 கிலோ உள்ளவருக்கு 75 முதல் 100 மில்லிலீட்டர். விநாடிக்கு 3 மில்லிலீட்டர் வேகத்தில் இயந்திரம் செலுத்தும். அந்த வேகத்தைத் தாங்க முழங்கை மடிப்பில் நல்ல நரம்பில் இளஞ்சிவப்பு நிறக் கனியூலா வேண்டும். வார்டில் புறங்கையில் குத்திய மெல்லிய கனியூலாவோடு கீழே இறக்கிவிட்டால் வேகத்தைக் குறைத்தே ஏற்ற வேண்டிவரும், படம் மங்கும். மருந்து ஏறும்போது உடம்பு முழுக்கச் சூடு பரவுவது, வாயில் உலோகச் சுவை வருவது, சிறுநீர் போனது போல் உணர்வது எல்லாம் சாதாரணம். ஊசி குத்திய இடத்தில் எரிந்து வீங்கினால் உடனே சத்தம் போட்டுச் சொல்ல வேண்டும்.

மருந்து ஏறத் தொடங்கி 65 முதல் 70 விநாடி கழித்து வயிற்றைப் படம் பிடிக்க வேண்டும். குடலிலிருந்து போகும் இரத்தம் ஈரலை நிறைத்து, ஈரல் பளிச்சென்று வெளுக்கும் நேரம் அது. பெருங்குடலிலிருந்து பரவியது அப்போதுதான் கறுப்பாகத் தனித்துத் தெரியும். 30 விநாடியிலேயே எடுத்துவிட்டால் இரண்டும் ஒரே சாம்பலாக நிற்கும், சின்னத் திட்டுகள் போய்விடும். கொன்ட்ராஸ்ட் இல்லாமல் எடுத்த சி.டி.யில் ஈரலைப் பற்றி "ஒன்றும் இல்லை" என்று எழுதியிருந்தால் அந்த வரிக்கு அதிக மதிப்புக் கொடுக்காதீர்கள்.

மூச்சுப் பிடிப்பது சின்ன விடயம் போலத் தெரியும், ஆனால் ஈரலில் உள்ள சின்னத் திட்டும் நுரையீரல் முடிச்சும் மூச்சு அசைவில் அழிந்துபோகும். கட்டளை பெரும்பாலும் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ வரும். சிங்களம் தெரியாத ஒரு பாட்டி "ஹுஸ்ம அல்லகென இன்ன" என்ற குரலைக் கேட்டுப் பதறி வேகமாக மூச்சு விடுவார். முதல் நாளே வீட்டில் சொல்லிக்கொடுங்கள்: "ஹுஸ்ம கன்ன" என்றால் மூச்சை இழுக்க வேண்டும், "அல்லகென இன்ன" என்றால் அப்படியே பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். பத்துப் பதினைந்து விநாடி பிடிக்கப் பழகினால் போதும்.

போவதற்கு முன் சிறுநீரகப் பரிசோதனை வேண்டும். கிரியேட்டினின் எண்ணை மட்டும் பார்த்தால் ஏமாறலாம். தசை வற்றிய முதியவருக்கு அது சாதாரணமாக இருந்தும் சிறுநீரகத் திறன் குறைந்திருக்கும். அதனால் வயதையும் சேர்த்துக் கணக்கிட்ட ஈ.ஜி.எஃப்.ஆர். எண்ணைக் கேளுங்கள். அது 30க்குக் கீழே இருந்தால் கொன்ட்ராஸ்ட் கொடுப்பதா இல்லையா என்று டொக்டர்மார் யோசித்து முடிவு செய்ய வேண்டும். மெட்ஃபோமின் குடிக்கிறவர் என்றால் ஊசிக்குப் பிறகு 48 மணித்தியாலம் நிறுத்தச் சொல்லலாம். கடல் சாப்பாடு ஒத்துக்கொள்ளாது என்பது கொன்ட்ராஸ்டுக்குத் தடை இல்லை. முன்பு கொன்ட்ராஸ்ட் ஊசிக்கே ஒவ்வாமை வந்தது, ஆஸ்த்மா இருக்கிறது, தைரொயிட் அதிகமாகச் சுரக்கிறது என்பவற்றைத்தான் சொல்ல வேண்டும். முதல் பஸ்ஸுக்குக் கிளம்பி வெறும் வயிற்றில் கண்டி வரை போகும் சீனி வருத்தக்காரர், காலை மாத்திரையையோ இன்சுலினையோ என்ன செய்வது என்று முந்திய கிளினிக்கிலேயே கேட்டுக் கொப்பியில் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். சாப்பிடாமல் மாத்திரையைப் போட்டு வழியில் சீனி இறங்கி மயங்குவது நடக்கிறது.

ஸ்கேன் கேட்டு எழுதும் துண்டில் "வயிற்று வலி" என்று மட்டும் இருந்தால் பார்ப்பவர் எல்லாவற்றையும் தேடி எதையும் ஆழமாகப் பார்க்கமாட்டார். கொலனொஸ்கொப்பி ரிப்போர்ட், பயொப்சி ரிப்போர்ட் இரண்டின் பிரதியும் துண்டோடு போக வேண்டும். கொலனொஸ்கொப்பி பாதியில் நின்றதா, முழுதாக முடிந்ததா என்பதும் தெரிய வேண்டும். குழாய் கட்டியைத் தாண்டிப் போக முடியாமல் திரும்பியிருந்தால், அதற்கு மேலே இரண்டாவது கட்டி இருக்கிறதா என்பதை சி.டி.யில்தான் தேட வேண்டும். குழாய் எத்தனை சென்டிமீட்டர் உள்ளே போனது என்பதை வைத்துக் கட்டி இருக்கும் இடத்தைச் சொல்வதும் நம்பகமில்லை, குடல் சுருங்கி நீளும். சின்னக் கட்டி என்றால் எண்டொஸ்கொப்பி செய்பவர் அதற்கு அருகில் மை குத்தி அடையாளம் வைத்திருக்க வேண்டும். சி.டி.யிலும் தெரியாத, ஒபரேஷனில் கைக்கும் தட்டுப்படாத கட்டியைத் தேடுவது மேசையில் நடக்கும் பெரிய அவதி.

சி.டி. சொன்னதை வைத்து என்ன முடிவாகிறது

பெரும்பாலானவர்களுக்கு, பரவல் இல்லை என்றால் நேரே ஒபரேஷன். அங்கே டி2வா டி3யா, என்0வா (கணுவில் புற்று இல்லை) என்1ஆ (சில கணுக்களில் உண்டு) என்று சி.டி. பிழையாகச் சொன்னாலும் செய்யும் வேலை மாறாது. கட்டி உள்ள குடல் பகுதியை அதன் இரத்தக்குழாயோடும் கணுக்கள் உள்ள கொழுப்போடும் சேர்த்து எடுப்பார்கள்.

சி.டி. பிழையாகச் சொன்னால் உண்மையிலேயே பாதிக்கப்படும் இடம், ஒபரேஷனுக்கு முன் கீமோ கொடுக்கும் முறை. 2023இல் வெளியான ஃபொக்ஸ்ட்ரொட் ஆய்வில், சி.டி.யில் டி3 அல்லது டி4 என்று தெரிந்த 1,053 பேரைச் சேர்த்து, ஒரு பகுதியினருக்கு ஆறு வாரம் கீமோ கொடுத்துப் பிறகு ஒபரேஷன் செய்தார்கள். இரண்டு வருடத்துக்குள் நோய் மீதமிருந்தது அல்லது திரும்பியது இவர்களில் 16.9 சதவீதம், நேரே ஒபரேஷன் செய்தவர்களில் 21.5 சதவீதம். நல்ல முன்னேற்றந்தான். ஆனால் ஆளைத் தெரிவு செய்தது சி.டி., அதுவோ கூடுதலாகச் சொல்லும் பக்கம் சாயும் கருவி. உண்மையில் டி2 உள்ளவருக்கும் கீமோவின் கஷ்டம் போய்ச் சேரலாம். என் கருத்தில், கட்டி தசையைத் தாண்டி 5 மில்லிமீட்டருக்கு மேல் வெளியே வந்திருப்பது படத்தில் தெளிவாக அளக்க முடிந்தவர்களுக்கும், பக்கத்து உறுப்பைப் பிடித்தவர்களுக்கும் இதைப் பேசலாம். மயிர்க்கோடு மட்டும் தெரிந்தவருக்குப் பேசக் கூடாது. பயொப்சித் துண்டில் எம்.எம்.ஆர். பரிசோதனை (கலம் தன் மரபணுப் பிழைகளைத் திருத்தும் திறனைப் பார்ப்பது) செய்யாமலும் தொடங்கக் கூடாது. அதில் குறைபாடு உள்ள கட்டிகள் இந்தக் கீமோவுக்குப் பெரும்பாலும் மசியாது.

கடைசித் தீர்ப்பு நோய்க்குறியியல் மேசையில்

எடுத்த குடல் ஃபோர்மலினில் ஊறி இறுகிய பிறகு, நோய்க்குறியியல் மருத்துவர் அதோடு வந்த மஞ்சள் கொழுப்பை விரலால் தடவி, மெல்லிய துண்டுகளாக வெட்டி வெட்டிக் கணுக்களைத் தேடுவார். அரிசி அளவு, அதற்கும் சிறியது என்று ஒவ்வொன்றாக எடுத்துத் தனித்தனிப் பெட்டியில் போட்டு, மெழுகில் பதித்து, சீவி, சாயமேற்றி, நுணுக்குக்காட்டியில் பார்ப்பார். சி.டி.யில் வெறும் புள்ளியாக நின்றது இங்கேதான் புற்றா இல்லையா என்று தெரியும். குறைந்தது 12 கணுக்களாவது தேடி எடுத்திருக்க வேண்டும். ஐந்து ஆறு கணுக்களை மட்டும் பார்த்து "எதிலும் இல்லை" என்று வந்தால் அதை முழு நிம்மதியோடு ஏற்க முடியாது. கொழுப்பில் இன்னும் தேட முடியுமா என்று சத்திரசிகிச்சை நிபுணர் ஆய்வுகூடத்தைக் கேட்கலாம்.

இந்த எண்ணிக்கை மருந்தின் நீளத்தையே மாற்றும். 1 முதல் 3 கணு வரை என்1, 4 அல்லது அதற்கு மேல் என்2. 2018இல் வந்த ஐடியா ஆய்வுக்குப் பிறகு, டி1 முதல் டி3 வரையான கட்டியோடு என்1 உள்ளவர்களுக்கு கெப்பெசிட்டபின் மாத்திரையும் ஒக்சாலிபிளாட்டின் ஊசியும் சேர்ந்த மருந்தை மூன்று மாதம் கொடுத்தாலே போதும் என்று பல இடங்களில் ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். டி4 அல்லது என்2 என்றால் ஆறு மாதத்தைப் பற்றிப் பேச வேண்டும். ஆறு மாதம் போனால் கை கால் விறைப்பு நிரந்தரமாகத் தங்கும் ஆபத்துக் கூடும். அதிகாலைக் குளிரில் ஈரக் கொழுந்தைக் கிள்ள வேண்டிய விரல்களுக்கு அது சாதாரண விடயமில்லை. இப்படிப்பட்ட முடிவை சி.டி. ரிப்போர்ட்டை வைத்து யாரும் எடுப்பதில்லை, எடுக்கவும் கூடாது.

நோய்க்குறியியல் ரிப்போர்ட் வர நேரம் எடுக்கும். தையல் பிரித்து வீட்டுக்கு வந்ததும் எல்லாம் முடிந்தது என்று வேலைக்கு இறங்கிவிட்டால், மருந்து தொடங்க வேண்டிய காலம் கடந்துவிடும். ஒபரேஷனிலிருந்து எட்டு வாரத்துக்குள் தொடங்குவது நல்லது. அதனால் நான்காவது வாரத்திலேயே ரிப்போர்ட் வந்ததா என்று கிளினிக்கில் கேளுங்கள். புற்றுநோய்ப் பிரிவு கண்டியிலோ மஹரகமவிலோ வேறு ஆஸ்பத்திரியில் இருந்தால் ரிப்போர்ட் தானாகப் போய்ச் சேரும் என்று இருக்காதீர்கள். ஒரு பிரதி உங்கள் கையில் இருக்க வேண்டும்.

சி.டி.யின் சீடித் தட்டையும் கேட்டு வாங்குங்கள். ஃபிலிமில் அச்சடித்துத் தருவது தெரிவு செய்த சில படங்களை மட்டுமே. எம்.ஆர்.ஐ. பார்ப்பவருக்கோ, மூன்று மாதம் கழித்து நுரையீரல் முடிச்சை ஒப்பிடுபவருக்கோ முழுப் படமும் தேவை, அது சீடியில்தான் இருக்கும். லயத்து அறையில் ஈரத்துக்கு ஃபிலிம் ஒன்றோடொன்று ஒட்டிப்போகும், சீடியிலும் பூஞ்சணம் பிடிக்கும். பொலித்தீன் உறைக்குள் போட்டு, கிளினிக் கொப்பி, பயொப்சி, கொலனொஸ்கொப்பி ரிப்போர்ட், கடைசி இரத்தப் பரிசோதனை, ஒபரேஷனுக்கு முந்திய சி.ஈ.ஏ. (இந்தப் புற்றில் கூடக்கூடிய ஒரு இரத்த அளவு) முடிவு எல்லாவற்றையும் ஒரே பையில் வைத்திருங்கள். சி.ஈ.ஏ. கூடினால் பின்னர் ஒப்பிட்டுப் பார்க்கும் முதல் எண் அதுதான், ஒபரேஷன் முடிந்த பிறகு அதைத் திரும்ப எடுக்க முடியாது.